ஆள் கட்சி மாறினால் சட்டம் கேட்கும். கட்சியே மாறினால் யார் கேட்பது?



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று பெரியவர்கள் கேட்பது: “நேற்று ஒரு கொடி, இன்று இன்னொரு கொடி என்று மாறுகிறார்களே, இவர்களை நம்பி எப்படி ஓட்டுப் போடுவது?” மற்றொன்று வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பெண்கள் கேட்பது: “இந்தக் குடியுரிமைச் சட்டத்தால் நம் பிள்ளைகளுக்கு ஏதும் வருமா? எந்தப் பேப்பரை எடுத்து வைக்க வேண்டும்?”

இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கதையைப் பார்த்தால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இதை எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம். முடிவு உங்களுடையது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்ன சொல்கிறது?

1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை அணி மாறினார். “ஆயா ராம், கயா ராம்” என்று வடநாட்டில் இன்றும் சொல்வது அவரை வைத்துத்தான். இப்படித் தாவுவதைத் தடுக்க 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம் வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையைத்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோம்.

ஒரு எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. இரண்டு காரணங்களால் பதவி இழக்கலாம். ஒன்று, தன்னை நிறுத்திய கட்சியிலிருந்து தானாக விலகுவது. விலகல் கடிதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. நடத்தையே விலகியதைக் காட்டினாலும் போதும். இரண்டாவது, கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பது, அல்லது வாக்கெடுப்புக்கு வராமல் இருப்பது. கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் பதவி தப்பும்.

முன்பு கட்சியின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் ஆகாது என்று ஒரு விலக்கு இருந்தது. 2003இல் வந்த 91ஆவது திருத்தம் அதை நீக்கியது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்து வேறொரு கட்சியோடு இணைந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

தகுதி நீக்கம் பற்றி முடிவு செய்பவர் சபாநாயகர். மாநிலங்களவையில் அதன் தலைவர். சபாநாயகர் பெரும்பாலும் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அவர் முடிவெடுக்கக் காலக்கெடு எதையும் சட்டம் குறிப்பிடவில்லை. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் வழக்குகள் இழுத்தடிக்கப்பட்டன. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

ஒரே சட்டம், இரண்டு முடிவுகள்

இந்தச் சட்டம் எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2017 பிப்ரவரி 18 அன்று சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அ.தி.மு.க. உறுப்பினர்கள் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் அணியினர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று மனு கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் வெவ்வேறு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். 18 பேரும் பதவி இழந்தார்கள்.

சபைக்குள்ளேயே எதிர்த்து வாக்களித்த 11 பேருக்குப் பதவி போகவில்லை. அதற்குள் அவர்கள் முதலமைச்சரோடு சமாதானமாகிவிட்டார்கள். பன்னீர்செல்வம் துணை முதலமைச்சராகவும் ஆகியிருந்தார். அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் சபாநாயகர் முடிவெடுக்கட்டும் என்ற நிலையில் முடித்து வைக்கப்பட்டது.

பதவி இழந்த 18 பேரில் நமக்குப் பக்கத்து கரூரின் வி. செந்தில் பாலாஜியும் ஒருவர். 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்த அவர், 2019இல் நடந்த அரவக்குறிச்சி இடைத்தேர்தலில் அந்தக் கட்சிக்காக நின்று வென்றார். சட்டம் பதவியைப் பறித்தாலும் மக்கள் விரும்பினால் திரும்பக் கொடுக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. சரியா தவறா என்பதை அந்தத் தொகுதி வாக்காளர்கள் முடிவு செய்தார்கள்.

இப்போதெல்லாம் சட்டத்தில் சிக்காமல் மாற விரும்புகிறவர்கள் முதலில் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, பிறகு புதுக்கட்சியில் சேர்கிறார்கள். 2025 நவம்பரில் ஆலங்குளம் மனோஜ் பாண்டியன் தி.மு.க.வுக்கும், கோபிசெட்டிபாளையம் செங்கோட்டையன் தமிழக வெற்றிக் கழகத்துக்கும் போனபோது இருவரும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். இதில் சட்டமீறல் இல்லை. மக்கள் கொடுத்த பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது, பதவியோடு தாவுவதைவிட நேர்மையானது என்றும் சொல்லலாம்.

சின்னம் யாருடையதோ, கொறடா அவருடையவர்

மணப்பாறைத் தொகுதி வாக்காளர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு உறுப்பினர் எந்தக் கட்சியின் வேட்பாளராக நிறுத்தப்பட்டாரோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகத்தான் சட்டம் அவரைக் கருதும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியில் வென்றவர் மனிதநேய மக்கள் கட்சியின் ப. அப்துல் சமது. நின்றது உதயசூரியன் சின்னத்தில். எனவே நம் பார்வையில் அவர் ம.ம.க.காரர், சட்டமன்றக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர். தி.மு.க. கொறடாவின் உத்தரவு அவரையும் கட்டும். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நம் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் பேராசிரியராக இருந்த, முஸ்லிம் லீக் தலைவர் கே.எம். காதர் மொகிதீன் 2004இல் வேலூரில் நாடாளுமன்ற உறுப்பினரானதும் உதயசூரியன் சின்னத்தில்தான். இதற்கு மாறாக, 2019இலும் 2024இலும் ராமநாதபுரத்தில் வென்ற நவாஸ் கனி முஸ்லிம் லீக்கின் ஏணிச் சின்னத்தில் நின்றார். எனவே மக்களவையில் அவர் லீக் உறுப்பினர்.

பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றால் வெற்றி வாய்ப்பு கூடும். தனிச் சின்னத்தில் நின்றால் வாக்களிக்கும் சுதந்திரம் கூடும். இரண்டுக்கும் விலை உண்டு. நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் நிற்கிறார் என்று மகிழும்போது, சபையில் அவர் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

2019 டிசம்பர் 11

குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 9 அன்று மக்களவையில் விவாதிக்கப்பட்டு, நள்ளிரவு தாண்டி 311க்கு 80 என்ற கணக்கில் நிறைவேறியது. அங்கே பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்ததால் முடிவு எதிர்பார்த்ததுதான். மாநிலங்களவையில் அப்படி இல்லை. கூட்டணிக் கட்சிகளும் வெளியிலிருந்து ஆதரிக்கும் கட்சிகளும் கைகொடுத்தால்தான் நிறைவேறும் நிலை. டிசம்பர் 11 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105.

அன்று அ.தி.மு.க.வுக்கு மாநிலங்களவையில் 11 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களின் வாக்கு ஆதரவுப் பக்கம் விழுந்தது. அந்த 11 வாக்குகளும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் ஆதரவு 114, எதிர்ப்பு 116. மசோதா தோற்றிருக்கும். அவர்கள் வாக்களிக்காமல் வெளிநடப்பு மட்டும் செய்திருந்தால் 114க்கு 105. அப்போதும் மசோதா நிறைவேறியிருக்கும். ஆதரித்தது அ.தி.மு.க. மட்டுமல்ல. ஒடிசாவின் பிஜு ஜனதா தளமும், பீகாரின் ஐக்கிய ஜனதா தளமும் ஆதரித்தன. எனவே முழுப் பொறுப்பையும் ஒரு கட்சி மீது ஏற்றுவது நியாயமில்லை. ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

அந்த 11 பேரில் ராணிப்பேட்டையைச் சேர்ந்த, முன்னாள் அமைச்சர் முகம்மது ஜானும் ஒருவர். மசோதாவை ஆதரித்து வாக்களித்ததற்காக நம் சமுதாயத்தில் அவர் மீது கடும் கோபம் எழுந்தது. 2021இல் அவர் காலமாகிவிட்டார். மறைந்தவரைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அவர் இருந்த நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். அந்த இடத்தில் இருக்கும் எவருக்கும் மூன்று வழிகள்தான். கட்சி சொன்னபடி வாக்களிப்பது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்துப் பதவி இழக்கத் துணிவது. பதவியை முன்கூட்டியே துறப்பது. கடைசி இரண்டும் கடினமானவை. அவற்றைச் செய்கிறவர்கள் எந்தக் கட்சியிலும் மிகக் குறைவு.

ஆள் ஒருவர் கட்சி மாறினால் சட்டம் அவரைத் தண்டிக்கும். கட்சி முழுவதும் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டால் சட்டம் கண்டுகொள்ளாது. அதுமட்டுமல்ல, மாற மறுத்து வாக்காளருக்குக் கொடுத்த வாக்கில் நிற்பவரைத்தான் அந்தச் சட்டம் பதவியிலிருந்து இறக்கும். ஆகவே கட்சி தடம் மாறினால் கேட்க வேண்டியவர் வாக்காளர் மட்டுமே.

இது டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று நினைக்கக் கூடாது. மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டுகள். 2019 டிசம்பரில் அங்கே அமர்ந்திருந்தவர்களை அனுப்பியது 2011இலும் 2016இலும் நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள். அந்த இரண்டு தேர்தலிலும் மணப்பாறையில் வென்றது அ.தி.மு.க. ரோடும் தண்ணீரும் கேட்டு நாம் போட்ட ஓட்டு, சில ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைச் சட்டத்தில் போய்ப் பேசியது.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

அச்சமும் வதந்தியும் கலந்து பேசப்படுவதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் இந்தியாவுக்கு வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோர் உரிய ஆவணம் இல்லாமல் வந்திருந்தாலும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள். விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். இந்தியாவில் 11 ஆண்டுகள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்கு 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. சட்டத்துக்கான விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியாயின.

இந்தச் சட்டம் மட்டும் எந்த இந்திய முஸ்லிமின் குடியுரிமையையும் பறிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். எதிர்ப்புக்குக் காரணம் வேறு. குடியுரிமை வழங்குவதில் முதன்முறையாக மதம் ஓர் அளவுகோலாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. தேசியக் குடிமக்கள் பதிவேடு நாடு முழுவதும் எடுக்கப்பட்டால், ஆவணம் காட்ட முடியாத பிற மதத்தவருக்கு இந்தச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும், முஸ்லிம்களுக்கு அந்தக் கதவு இருக்காது என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. துன்புறுத்தலுக்கு ஆளான அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்கு அடைக்கலம் கொடுப்பதே நோக்கம் என்பது மத்திய அரசின் விளக்கம். முஸ்லிம் லீக் உள்ளிட்ட பலர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் விடுபட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. திருச்சி விமான நிலையம் போகிறவர்களுக்குக் கொட்டப்பட்டு தெரியும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வாழவந்தான்கோட்டையிலும் ஒரு முகாம் உண்டு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். ஆனால் இலங்கை அந்த மூன்று நாடுகளின் பட்டியலில் இல்லை. பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, இங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது ஆறுதல்தான், ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடிமகன் என்பது வேறு. நமக்கு வந்த அச்சம் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. நமக்காக துஆ செய்யும்போது அவர்களையும் மறந்துவிட வேண்டாம்.

சொன்னதும் செய்ததும்

மாநிலங்களவையில் ஆதரித்து வாக்களித்த அ.தி.மு.க., 2021 தேர்தல் அறிக்கையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. அப்போது பா.ஜ.க.வும் அதே கூட்டணியில்தான் இருந்தது. 2021 செப்டம்பர் 8 அன்று சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. 2023 செப்டம்பரில் பா.ஜ.க. கூட்டணியிலிருந்து விலகியது. 2025 ஏப்ரலில் மீண்டும் சேர்ந்தது.

அப்படிச் சேர்ந்த பிறகு அங்கிருந்து வெளியேறியவர்களில் ஒருவர், ராமநாதபுரம் முன்னாள் எம்.பி. அன்வர் ராஜா. 2018 டிசம்பரில் முத்தலாக் மசோதாவை மக்களவையில் எதிர்த்துப் பேசியவர். 2025 ஜூலையில் தி.மு.க.வில் சேர்ந்தார். அவரைக் கட்சி மாறியவர் என்பார்கள் சிலர். கட்சிதான் மாறியது, அவர் அங்கேயே நின்றார் என்பார்கள் சிலர். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ‘கட்சி மாறினார்’ என்ற இரண்டு வார்த்தையை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்பதற்காகவே சொல்கிறோம். ஏன் மாறினார், எப்போது மாறினார், மாறியதால் அவருக்குக் கிடைத்தது என்ன, மாறும் முன் அந்த விஷயத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று நான்கையும் பார்க்க வேண்டும்.

மறு தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 1999 முதல் 2003 டிசம்பர் வரை வாஜ்பாய் தலைமையிலான கூட்டணியில் இருந்தது தி.மு.க. ஒவ்வொரு குடிமகனையும் பதிவு செய்து தேசிய அடையாள அட்டை தரலாம் என்ற பிரிவு, குடியுரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது அதே வாஜ்பாய் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால். இன்றைய குடிமக்கள் பதிவேட்டு விவாதத்துக்கு அதுவே வேர். இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் ஏதோ ஒரு காலத்தில் பா.ஜ.க.வோடு இருந்தவைதான். ஆகவே எந்தக் கட்சியையும் நிரந்தர நண்பர் என்றோ நிரந்தர எதிரி என்றோ எழுதி வைத்துவிட வேண்டாம்.

வெளிநடப்பு என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அந்த மசோதாவை மக்களவையில் ஆதரித்த சிவசேனை, இரண்டு நாளில் மாநிலங்களவையில் வெளிநடப்பு செய்தது. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேறியபோது, அதை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க. வாக்களிக்காமல் வெளியேறியது. பேச்சு எதிர்ப்பாக இருக்கும். ஆனால் ஆள் வெளியேறினால் மறுபக்கத்துக்குத் தேவையான பெரும்பான்மை குறைந்துவிடும்.

அசாம் சொல்லும் பாடம்

குடியேற்றமே அரசியலின் மையமாக இருக்கும் மாநிலம் அசாம். அங்கே இந்த மாற்றங்கள் இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களை எதிர்த்து ஆறு ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் முடிவில், 1985 ஆகஸ்ட் 15 அன்று அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971 மார்ச் 24க்குப் பிறகு வந்தவர்கள், எந்த மதத்தவராக இருந்தாலும், வெளிநாட்டவர் என்பது அதன் சாரம். அந்தப் போராட்டத்தில் பிறந்த கட்சி அசாம் கண பரிஷத். குடியுரிமைத் திருத்த மசோதா ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று சொல்லி 2019 ஜனவரியில் பா.ஜ.க. கூட்டணியிலிருந்து விலகியது. மார்ச்சில், தேர்தல் நேரத்தில், திரும்பி வந்தது. டிசம்பரில் மாநிலங்களவையில் அதன் ஒரே உறுப்பினர் மசோதாவை ஆதரித்தார்.

அங்கே 2016இலும் 2021இலும் முதலமைச்சரான இருவருமே வேறு கட்சியிலிருந்து வந்தவர்கள். சர்பானந்த சோனோவால் அசாம் கண பரிஷத்திலிருந்து 2011இல் பா.ஜ.க.வுக்கு வந்தார். ஹிமந்த பிஸ்வ சர்மா காங்கிரஸ் ஆட்சியில் அமைச்சராக இருந்து, 2015இல் வந்தார்.

2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் பெயர் இடம்பெறவில்லை. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். பாட்டன் பெயரில் ஓர் எழுத்து மாறியது, மணமாகி ஊர் மாறிய பெண்ணுக்குத் தகப்பனோடு தொடர்பு காட்டும் சான்று இல்லாதது போன்ற காரணங்களால் தவித்த குடும்பங்கள் அங்கே ஏராளம். தலைவர்கள் கட்சி மாறிக் கரை சேர்ந்தார்கள். ஏழைக்கு மாறிக்கொள்ள வேறு நாடு இல்லை.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

பயப்படுவதால் ஒரு பயனும் இல்லை. ஆவணங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வதால் பயன் உண்டு. பிறந்த தேதியை வைத்துச் சட்டம் மூன்று பிரிவாகப் பார்க்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பிறப்பாலேயே குடிமக்கள். இந்தப் பிரிவின் அடிப்படையில்தான், மண்டபம் முகாமில் பிறந்த ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்க மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவர்களுக்கு, பிறந்த சமயத்தில் தாய் அல்லது தந்தை இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் குடிமகன் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளின் சான்றிதழ் மட்டும் போதாது. அத்தா, அம்மாவின் சான்றுகளையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஆதார் அட்டை குடியுரிமைக்கான சான்று அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பட்டா, பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

நம் பெயர்களில் எழுத்துப் பிழை அதிகம். முகமது, முஹம்மது, முகம்மது என்று ஒரே ஆளுக்கு மூன்று அட்டையில் மூன்று விதமாக இருக்கும். பெண்களுக்குப் பீவி, பேகம் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நேரம் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை.

வளைகுடாவிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ பிள்ளை பிறந்தால், ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பிறகு மத்திய அரசின் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

நம் வாசலுக்கு வேட்பாளர் வந்தால் சலாத்துக்குப் பதில் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பணிவாகக் கேளுங்கள். எந்தச் சின்னத்தில் நிற்கிறீர்கள், சபையில் யாருடைய கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்? குடியுரிமை பற்றி உங்கள் கட்சி இதுவரை எப்படி வாக்களித்தது? தேர்தலுக்குப் பிறகு உங்கள் கட்சி கூட்டணி மாறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும்போது நம் கருத்தைக் கட்சியில் சொல்வீர்களா?

குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்பது பதிவாகாது. எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயரும் அவைக் குறிப்பில் ஏறும்; அதை யாரும் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதைத் தேடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேடைப் பேச்சைவிட அந்தப் பக்கம் உண்மை பேசும்.

ஓட்டு ஓர் அமானிதம். கொடுத்துவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடுவது அமானிதத்தைப் பேணுவதாகாது. யாரிடம் கொடுத்தோமோ, அவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று விசாரிப்பதும் நம் கடமை. கொடியைப் பார்த்துக் கோபப்படுவதையும் கொண்டாடுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வாக்குப் பதிவைப் பார்க்கப் பழகுவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், முகாம்களில் காத்திருக்கும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.